ஒரு டாலருக்கு எட்டு டாலர்: நியூயார்க் மேயர் வழக்கின் பின்னணி

2023 நவம்பர் 6ஆம் தேதி மாலை, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒரு நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு வெளியே வந்த மேயர் எரிக் ஆடம்ஸை எஃப்.பி.ஐ. அதிகாரிகள் தெருவிலேயே மறித்தனர். மெய்க்காவலர்களை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு மேயரின் காரில் ஏறி அமர்ந்து, நீதிமன்ற ஆணையைக் காட்டி, அவரிடமிருந்த கைபேசிகளை வாங்கிக்கொண்டு போனார்கள். அவர் அதிகம் பயன்படுத்திய சொந்தக் கைபேசி அப்போது கையில் இல்லை. மறுநாள் அதை ஒப்படைத்தபோது அது பூட்டியிருந்தது. ஊழியர்கள் எதையும் அழித்துவிடக் கூடாது என்பதற்காக நான்கு இலக்கக் கடவுச்சொல்லை ஆறு இலக்கமாக மாற்றியதாகவும், மாற்றியது மறந்துபோய்விட்டதாகவும் அவர் சொன்னதாகப் பின்னர் தாக்கலான குற்றப்பத்திரிகை கூறுகிறது. கைபேசிகள் தெருவில் எடுக்கப்பட்டதற்கு நான்கு நாட்களுக்கு முன்புதான், அவருக்குத் தேர்தல் நிதி திரட்டித் தந்தவரின் புரூக்ளின் வீட்டில் சோதனை நடந்திருந்தது. புலம்பெயர்ந்தோர் நெருக்கடி குறித்துப் பேச வாஷிங்டன் சென்றிருந்த மேயர், செய்தி கேட்டதும் கூட்டத்தை விட்டுவிட்டு அவசரமாக ஊர் திரும்பினார்.

இதன் தொடர்ச்சியாக மேயர்மீது வந்த ஊழல் வழக்கைப் பற்றிய செய்திகளில், துருக்கியர்கள் அவருக்குத் தந்ததாகச் சொல்லப்பட்ட விமான டிக்கெட்டுகளே அதிகம் பேசப்பட்டன. சிரிப்பூட்டும் விவரங்கள் அங்கேதான் இருந்தன என்பதால் அதில் வியப்பில்லை. ஆனால் வழக்கின் உயிர்நாடி வேறிடத்தில் இருந்தது. ஊழலைத் தடுப்பதற்கென்று அந்நகரம் உருவாக்கிய தேர்தல் நிதித் திட்டம் ஒன்றே முறைகேட்டின் இலக்காகிப்போனது என்பதுதான் அரசுத் தரப்பின் மையக் குற்றச்சாட்டு. கடைசியில் அந்த மேயரின் அரசியல் வாழ்வை முடித்துவைத்ததில் நீதிமன்றத்தைவிடப் பெரிய பங்கு அதே திட்டத்துக்கு இருந்தது.

நியூயார்க் மேயர் பதவி அமெரிக்க நகரப் பதவிகளிலேயே பெரியது. 80 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள், ஏறத்தாழ 3 லட்சம் ஊழியர்கள், 11,000 கோடி டாலரைத் தாண்டும் ஆண்டு வரவுசெலவு ஆகியவை அதன் அளவைச் சொல்லும். காவல்துறை, தீயணைப்பு, பள்ளிகள், கட்டட அனுமதி எல்லாவற்றுக்கும் தலைவர்களை மேயரே நியமிக்கிறார். 22 ஆண்டுகள் காவல்துறையில் பணியாற்றி கேப்டனாக ஓய்வு பெற்ற ஆடம்ஸ், மாநில செனட்டராகவும், 2014 முதல் 2021 வரை நகரின் ஐந்து பகுதிகளுள் ஒன்றான புரூக்ளினின் தலைவராகவும் இருந்தவர். 2021இல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் வெறும் 7,197 வாக்குகளில் வென்று, அந்நகரின் இரண்டாவது கறுப்பின மேயரானார். நூலிழையில் கிடைத்த அந்த வெற்றியில் தேர்தல் நிதியின் ஒவ்வொரு டாலருக்கும் எடை இருந்தது.

அந்த நிதித் திட்டத்தின் பிறப்பே ஓர் ஊழலில்தான் இருக்கிறது. எட் காச் மூன்றாம் முறை மேயராகப் பதவியேற்ற 1986ஆம் ஆண்டு, வாகன நிறுத்த அபராதங்களை வசூலிக்கும் பணியைத் தனியாருக்குத் தந்ததில் கட்சித் தலைவர்கள் கமிஷன் பெற்றது அம்பலமாயிற்று. விசாரணை நெருங்கிய நிலையில் குவீன்ஸ் பகுதித் தலைவர் டொனால்ட் மேன்ஸ் அந்த மார்ச் மாதம் தற்கொலை செய்துகொண்டார். பிராங்க்ஸ் பகுதியின் கட்சித் தலைவர் ஸ்டான்லி ஃபிரீட்மன் சிறைக்குப் போனார். அந்த வழக்கை நேரில் நடத்திய அரசு வழக்கறிஞர் ருடால்ஃப் ஜூலியானி பிற்பாடு மேயரே ஆனார். காச் மீது குற்றச்சாட்டு எதுவும் இல்லை என்றாலும், அவருடைய ஆட்சிக்குப் படிந்த கறை போகவில்லை. அந்தச் சூட்டில் 1988இல் வந்ததுதான் தேர்தல் நிதிச் சட்டம். பெரும் பணக்காரர்களையும் ஒப்பந்ததாரர்களையும் நம்பியிருக்கும் நிலையிலிருந்து வேட்பாளர்களை விடுவிக்க, நகரவாசிகள் தரும் சிறு நன்கொடைக்கு இணையாக நகரக் கருவூலமும் பணம் தரும் என்றது அச்சட்டம்.

தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஒரு டாலர் என்று இருந்த அந்த விகிதம் பின்னர் நான்காகி, ஆறாகி, 2018இல் நடந்த மக்கள் வாக்கெடுப்புக்குப் பின் எட்டாயிற்று. மேயர் தேர்தலில் நகரவாசி ஒருவர் 250 டாலர் கொடுத்தால், கருவூலம் அதற்கு மேல் 2,000 டாலர் சேர்க்கும். நோக்கத்தில் குறை சொல்ல முடியாத திட்டம் இது. பலசரக்குக் கடைக்காரரும் செவிலியரும் தரும் சிறுதொகை, ஒரு கட்டட அதிபரின் காசோலைக்குச் சமமாக நிற்க இதுவே வழி செய்தது.

ஆனால் எட்டு மடங்கு என்பது கணக்குத் தெரிந்தவனுக்கு வேறு விதமாகவும் கண்ணில் படும். சட்டப்படி நிறுவனங்கள் நன்கொடை தரக் கூடாது. வெளிநாட்டவர் தரக் கூடாது. தனிநபர் தருவதற்கும் உச்சவரம்பு உண்டு. ஒருவர் தம்மிடம் வேலை பார்க்கும் 40 பேர் பெயரில் ஆளுக்கு 250 டாலர் கொடுக்கவைத்து, அந்தத் தொகையைப் பின்வாசல் வழியாக அவர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டால், தடைகள் மூன்றும் ஒரே வீச்சில் விழுந்துவிடும். கூடவே, அவர் செலவிட்ட 10,000 டாலருக்கு 80,000 டாலரைக் கருவூலமே தந்துவிடும். பினாமி என்ற சொல்லைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. இது பினாமி நன்கொடை. இத்தகைய நன்கொடைகளை, வெளிநாட்டுப் பணம் என்று தெரிந்தே ஆடம்ஸ் நாடினார் என்றும், பொய்ச் சான்றளித்துப் பொது நிதியைப் பெற்றார் என்றும் அரசுத் தரப்பு கூறியது. 2021 தேர்தலில் அவர் பெற்ற பொது நிதி மொத்தம் ஒரு கோடி டாலருக்கும் அதிகம். அது முழுவதும் கறைபட்ட பணம் என்று எவரும் சொல்லவில்லை.

2024 செப்டம்பர் 26ஆம் தேதி வெளியான குற்றப்பத்திரிகையில் ஐந்து குற்றச்சாட்டுகள் இருந்தன: சதி, தொலைத்தொடர்பு வழி மோசடி, வெளிநாட்டவரிடம் நன்கொடை கோரியதாக இரண்டு, கையூட்டு ஒன்று. நவீன காலத்தில் பதவியிலிருக்கும்போதே மத்திய அரசின் குற்றவழக்கைச் சந்தித்த முதல் நியூயார்க் மேயர் அவர்தான். எல்லாவற்றையும் மறுத்த அவர், தாம் நிரபராதி என்று மறுநாளே நீதிமன்றத்தில் கூறினார். துருக்கிய அதிகாரிகளும் வணிகர்களும் பல ஆண்டுகளாக அவருக்கு இலவசமாகவோ பெருந்தள்ளுபடியிலோ தந்த பயணச் சலுகைகளின் மதிப்பு ஒரு லட்சம் டாலருக்கு மேல் என்று அரசுத் தரப்பு கணக்கிட்டது.

அந்தப் பயணங்களைப் பற்றிய பக்கங்கள் சற்றுக் கதைபோலவே போகின்றன. ஒருமுறை, அவர் பிரான்ஸுக்குப் போயிருப்பதாக நினைத்த அவருடைய துணைவி, அவர் துருக்கியில் இருப்பதறிந்து வியந்தபோது, முதல் நிறுத்தம் எப்போதும் இஸ்தான்புல்தான் என்பது உனக்குத் தெரியாதா என்ற பொருளில் அவர் பதில் அனுப்பியிருக்கிறார். சிலியின் ஈஸ்டர் தீவுக்குப் போக விரும்பியபோதும், துருக்கிய விமான நிறுவனத்தால் அங்கே அழைத்துச் செல்ல முடியுமா என்று விசாரிக்கச் சொன்னாராம். இன்னொரு சமயம், டிக்கெட்டுக்கு எவ்வளவு என்று அவருடைய உதவியாளர் கேட்க, விமான நிறுவன மேலாளர் 50 டாலர் என்கிறார். உதவியாளர் பதறிப்போய், அவர் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியையும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஓசியில் பறக்கிறார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, நம்பும்படியாக 1,000 டாலர் அளவில் ஒரு விலை சொல்லுங்கள் என்கிறார். வாங்குபவர் விலையை ஏற்றச் சொல்லிப் பேரம் பேசிய காட்சி இது.

இதற்கெல்லாம் என்ன கைமாறு என்ற கேள்விக்கு அரசுத் தரப்பு காட்டிய முக்கியமான விடை ஒரு கட்டடம். ஐ.நா. தலைமையகத்துக்கு எதிரே துருக்கி கட்டிய 36 மாடித் துணைத் தூதரகக் கட்டடத்தை, 2021 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபைக்கு வரும் அதிபர் எர்டோகன் திறந்துவைக்க வேண்டியிருந்தது. தீத் தடுப்பு ஏற்பாடுகளில் குறைகள் இருந்ததால் தீயணைப்புத் துறை இசைவு தரத் தயங்கியது. இப்போது ஆடம்ஸ் உதவ வேண்டிய முறை என்று துருக்கிய அதிகாரி ஒருவர் சொல்லியனுப்பியதாகவும், ஆடம்ஸ் தீயணைப்பு ஆணையரைத் தொடர்புகொண்டதாகவும், மறுத்தால் வேலை போய்விடும் என்று பொறுப்பிலிருந்த அதிகாரிக்குச் சொல்லப்பட்டதாகவும், அதன்பின் தடையின்மைக் கடிதம் வந்துசேர்ந்ததாகவும் குற்றப்பத்திரிகை சொல்கிறது. திட்டமிட்டபடி எர்டோகன் கட்டடத்தைத் திறந்துவைத்தார்.

பெருநகர ஊழல் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. கருவூலத்தை யாரும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதில்லை. அனுமதி வரிசையில் ஒருவர் முன்னே தள்ளப்படுகிறார், அவ்வளவுதான். நியூயார்க்கில் ஒரு கட்டடம் முடிந்தும் திறக்க முடியாமல் கிடக்கும் ஒவ்வொரு நாளும் உரிமையாளருக்கு நஷ்டம். ஆகவே சோதனைக்கு வரும் தீயணைப்பு ஆய்வாளரின் தேதியே அங்கே விலைமதிப்புள்ள பண்டம். மேயர் வழக்கு வெளியாவதற்குச் சில நாட்களுக்கு முன், தீத் தடுப்புப் பிரிவின் முன்னாள் தலைவர்கள் இருவர், சோதனைகளை விரைவுபடுத்தித் தர ஏறத்தாழ 1,90,000 டாலர் பெற்றதாகக் கைதாகினர். பின்னர் இருவருமே குற்றத்தை ஒப்புக்கொண்டனர். அது மேயர் வழக்கிலிருந்து வேறான வழக்கு. ஆனால் விற்கப்பட்ட பொருள் ஒன்றேதான்.

மேயர் தரப்பு வழக்கறிஞர்கள் முன்வைத்த வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 2021 செப்டம்பரில் ஆடம்ஸ் மேயரே அல்லர், கட்சியின் வேட்பாளர் மட்டுமே. அவர் தலைவராக இருந்தது புரூக்ளினுக்கு, கட்டடம் நிற்பதோ மன்ஹாட்டனில். தமக்கு அதிகாரமே இல்லாத துறையில் அவர் விசாரித்துச் சொன்னது எப்படிக் கையூட்டுக்கான அரசுச் செயலாகும் என்று அவர்கள் கேட்டனர். அவர்களுக்கு வசதியாக, குற்றப்பத்திரிகைக்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு தந்திருந்தது. இந்தியானா மாநிலத்தின் போர்ட்டேஜ் என்ற சிறு நகரில், குப்பை லாரி ஒப்பந்தம் பெற்ற நிறுவனத்திடமிருந்து மேயர் ஜேம்ஸ் ஸ்னைடர் பிறகு 13,000 டாலர் வாங்கியதில் தொடங்கிய வழக்கு அது. வேலைக்கு முன் பேசி வாங்கினால் கையூட்டு; வேலை முடிந்தபின் நன்றிக்காகத் தந்தால் அது அன்பளிப்பு, அதை இந்த மத்தியச் சட்டம் தண்டிக்காது என்று 6-3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பாயிற்று. அன்பளிப்புக்கும் கையூட்டுக்கும் நடுவே அப்படிக் கோடு போட்டுவிட்டபின், ஆண்டுக்கணக்காக நீளும் ஒரு நட்பில் எந்த டிக்கெட் எந்த உதவிக்காகத் தரப்பட்டது என்று நிறுவுவது அரசுத் தரப்புக்குக் கடினமாகிவிட்டது. இருந்தாலும், அது நடுவர் குழு முடிவுசெய்ய வேண்டிய விஷயம் என்று கூறி, கையூட்டுக் குற்றச்சாட்டை நீக்க நீதிபதி டேல் ஹோ 2024 டிசம்பரில் மறுத்துவிட்டார். விசாரணை 2025 ஏப்ரலில் தொடங்குவதாக இருந்தது.

இதற்கிடையே மேயரைச் சுற்றியிருந்த அரண் சரிந்துகொண்டிருந்தது. 2024 செப்டம்பர் 4ஆம் தேதி ஒரே நாளில், காவல் ஆணையர் எட்வர்ட் கபான், முதல் துணை மேயர் ஷீனா ரைட், பள்ளித் துறைத் தலைவர் டேவிட் பேங்க்ஸ், அவருடைய சகோதரரும் துணை மேயருமான ஃபிலிப் பேங்க்ஸ் ஆகியோரின் கைபேசிகளை மத்திய விசாரணை அதிகாரிகள் எடுத்துச் சென்றனர். ரைட், டேவிட் பேங்க்ஸின் வாழ்க்கைத் துணை. ஒரு மாநகரின் காவலும் கல்வியும் பாதுகாப்பும் எத்தனை சிறிய வட்டத்துக்குள் இருந்தன என்பது அன்றுதான் பலருக்கு உறைத்தது. சோதனை நடந்ததாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். தாங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை என்றே இவர்கள் கூறினர். ஆனாலும் கபான் எட்டே நாளில் பதவி விலகினார். மற்றவர்களும் அடுத்தடுத்து வெளியேறினர். டிசம்பரில் மேயரின் தலைமை ஆலோசகர் இங்க்ரிட் லூயிஸ்-மார்ட்டின் விலகிய சில நாட்களிலேயே, கட்டட அனுமதிகளுக்கு உதவக் கையூட்டு பெற்றதாக மன்ஹாட்டன் மாவட்ட அரசு வழக்கறிஞர் ஆல்வின் பிராக் அவர்மீது மாநிலச் சட்டப்படி வழக்குத் தொடுத்தார். அவரும் மறுத்தார்.

பள்ளித் துறையின் தலைமையகம் இருப்பது, நகர மண்டபத்துக்குப் பின்னால் சேம்பர்ஸ் தெருவில் நிற்கும் ட்வீட் நீதிமன்றக் கட்டடத்தில். 1860களில் அதைக் கட்டுகிறேன் என்ற பெயரில் நகர ஜனநாயகக் கட்சியை ஆட்டிவைத்த டாமனி ஹால் அமைப்பின் தலைவர் பாஸ் ட்வீடும் அவருடைய கூட்டாளிகளும் பல பத்து லட்சம் டாலர்களைச் சுருட்டினர். அந்தக் கொள்ளை வெளிப்பட்டபின் 1873இல் உருவான கணக்கு ஆணையர் அலுவலகமே இன்றைய நகர விசாரணைத் துறை. கொள்ளைக்குப் பின் பூட்டு என்பதே நியூயார்க்கின் வரலாறு.

மேயரைப் பதவி நீக்கும் அதிகாரம் மாநில ஆளுநருக்கு உண்டு. அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 1932 நினைவுகூரப்படும். நீதிபதி சாமுவேல் சீபரி நடத்திய விசாரணையில், மேயர் ஜிம்மி வாக்கருக்கு வணிகர்கள் வாரி வழங்கிய தொகைகள் வெளிவந்தன. ஆளுநர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் தாமே அமர்ந்து விசாரித்தார். நீக்க ஆணை வருவதற்குள் செப்டம்பர் 1ஆம் தேதி வாக்கர் விலகி, ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். ரூஸ்வெல்ட் அப்போது அதிபர் தேர்தல் வேட்பாளர்; டாமனி ஹாலைப் பகைக்கவும் முடியாது, அதற்குப் பணிந்தவராகத் தோன்றவும் முடியாது என்ற இக்கட்டில் இருந்தவர். நீக்க அதிகாரம் சட்டத்தில் இருந்தாலும் அதைப் பயன்படுத்துவது அரசியல் கணக்கே என்பதை 2025இல் ஆளுநர் கேத்தி ஹோகலும் உணர்ந்திருப்பார்.

அந்தச் சூழல் உருவான விதம் இதுதான். 2025 பிப்ரவரி 10ஆம் தேதி, டிரம்ப் நிர்வாகத்தின் நீதித்துறையில் தற்காலிகத் துணைத் தலைமை வழக்கறிஞராக இருந்த எமில் போவ், வழக்கைக் கைவிடும்படி உத்தரவிட்டார். சான்றுகள் பலமானவையா என்பதை ஆராயாமலே இம்முடிவு எடுக்கப்பட்டதாக அக்கடிதமே சொன்னது. தேர்தல் நெருங்குகிறது, குடியேற்றச் சட்ட அமலாக்கத்தில் மேயர் முழுக் கவனம் செலுத்த வழக்கு தடையாக இருக்கிறது என்பவை அது சொன்ன காரணங்கள். தேவைப்பட்டால் மீண்டும் தொடுக்கலாம் என்ற நிபந்தனையும் இருந்தது. கையெழுத்திட மறுத்து, வழக்கை நடத்திவந்த நியூயார்க் தென் மாவட்டத்தின் தற்காலிக மத்திய அரசு வழக்கறிஞர் டேனியல் சசூன் மூன்றாம் நாள் பதவி விலகினார். உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்காலியாவிடம் பணிபுரிந்த, பழமைவாதப் பின்னணி கொண்டவர் அவர். எதிர்க்கட்சி வேலை என்று அவரை ஒதுக்க முடியவில்லை. மேயர் தரப்பு முன்வைத்தது நடைமுறையில் ஒரு கைமாறுதான் என்றும், மேயரின் வழக்கறிஞர்களுடன் நடந்த கூட்டத்தில் குறிப்பெடுத்தவரை போவ் கண்டித்துக் குறிப்புகளைச் சேகரிக்கச் சொன்னார் என்றும் தம் கடிதத்தில் எழுதினார். அவரையும் சேர்த்துக் குறைந்தது ஏழு அரசு வழக்கறிஞர்கள் விலகினர். அவர் விலகிய அதே நாளில், ரைக்கர்ஸ் தீவுச் சிறைக்குள் குடியேற்ற அதிகாரிகளை மீண்டும் அனுமதிக்கப்போவதாக ஆடம்ஸ் அறிவித்தார். பேரம் எதுவும் இல்லை என்று இரு தரப்பும் மறுத்தன.

நான்கு துணை மேயர்கள் ஒருசேர விலகல் கடிதம் கொடுத்தனர். ஹோகல் ஆலோசனை நடத்திவிட்டு, மக்கள் தேர்ந்தெடுத்தவரை நீக்குவதில்லை என்று முடிவெடுத்தார். நீதிபதி ஹோவின் நிலை இன்னும் சங்கடமானது. வழக்கை நடத்தியே தீர வேண்டும் என்று அரசுத் தரப்பை நீதிமன்றம் வற்புறுத்த முடியாது. கேட்டபடி தள்ளுபடி செய்தால், மேயரின் தலைக்கு மேல் கத்தி தொங்கிக்கொண்டே இருக்கும். அவருடைய சுதந்திரம் வாஷிங்டனுக்குக் கீழ்ப்படிவதைப் பொறுத்தது என்ற எண்ணமும் தவிர்க்க முடியாததாகும். ஏப்ரல் 2ஆம் தேதி 78 பக்கத் தீர்ப்பில், மீண்டும் தொடுக்கவே முடியாதபடி வழக்கைத் தள்ளுபடி செய்தார். இதில் எல்லாவற்றிலும் பேரத்தின் வாடை வீசுகிறது என்று எழுதிய அவர், ஆடம்ஸ் குற்றவாளியா நிரபராதியா என்பதைத் தாம் சொல்லவில்லை என்றும் தெளிவாக்கினார். பேரத்துக்கு எதிராக நீதிபதி எடுக்கக்கூடியதாக இருந்த ஒரே நடவடிக்கை, பேரத்தில் கேட்டதைவிட அதிகமாகக் கொடுப்பதாக முடிந்தது. இதில் நீதிபதியைக் குறை சொல்வதைவிட, நகர ஊழலை விசாரிக்கும் பொறுப்பை அதிபர் நியமிக்கும் வழக்கறிஞர்களிடம் பெருமளவுக்கு விட்டுவைத்த ஏற்பாட்டைக் குறை சொல்வதே பொருந்தும். மாநிலச் சட்டப்படி பிராக் தொடுத்த வழக்குகளை வாஷிங்டனால் தொட முடியவில்லை என்பதும் அதையே காட்டுகிறது.

மத்திய வழக்கு போனபின்னும் ஒரு கதவு மட்டும் திறக்கவில்லை. அந்த எட்டு மடங்கு நிதியை வழங்கும் தேர்தல் நிதி வாரியம் 2024 டிசம்பரிலேயே, 2025 தேர்தலுக்கான பொது நிதியை ஆடம்ஸுக்குத் தர மறுத்திருந்தது. குற்றத்தை ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய கட்டாயம் வாரியத்துக்கு இல்லை. சட்டம் மீறப்பட்டதாக நம்ப இடமிருந்தாலே அதற்குப் போதும். வழக்கு தள்ளுபடியான மறுநாள் கட்சி வேட்பாளர் தேர்வைக் கைவிட்டுச் சுயேச்சையாக நிற்பதாக அறிவித்த அவர், மீண்டும் விண்ணப்பித்தபோதும் வாரியம் இறங்கிவரவில்லை. ஆகஸ்டில், 2021ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பினாமி நன்கொடை திரட்டியதை ஒப்புக்கொண்ட கட்டுமான நிறுவன உரிமையாளர் ஒருவருக்கு, அதே நீதிபதி ஹோ ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை விதித்தார். கொடுத்தவர் தண்டனை பெற்றார். பெற்றதாகச் சொல்லப்பட்டவரின் வழக்கு இல்லாமற்போயிருந்தது. 2025 செப்டம்பர் 28ஆம் தேதி போட்டியிலிருந்து விலகிய ஆடம்ஸ், தம் காணொளியில் சொன்ன காரணங்களுள் ஒன்று, பல பத்து லட்சம் டாலர் பொது நிதியை வாரியம் நிறுத்திவைத்ததால் பிரசாரத்தைத் தொடர முடியவில்லை என்பது. நவம்பர் 4ஆம் தேதி தேர்தலில் ஜோஹ்ரான் மம்தானி வென்றார். ஒரு டாலருக்கு எட்டு டாலர் என்ற அதே திட்டத்தில் சிறு நன்கொடைகளைத் திரட்டியவர் அவர்.